குளுட்டமேட் இல்லாத கிண்ணம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. மனநல மருந்துகள் நரம்பு மண்டலத்தில் உள்ள குளுட்டமேட் ஏற்பிகளை எப்படிப் பாதிக்கின்றன என்று ஒரு கட்டுரை வேண்டும் எனச் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். எளிமையாக இருக்க வேண்டும், யாரையும் பயமுறுத்தக் கூடாது, கடைசியில் வாசகர்களுக்குப் பயன்படும் குறிப்புகள் கட்டாயம். நான் இருப்பது அயல்நாட்டில். கரகோல் என்கிற ஊரில் மருத்துவமனைத் துண்டுப்பிரசுரங்களை மொழிபெயர்த்துக் காலம் தள்ளுகிறவன் நான். அதனால் எனக்கு மூளையைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையை நானும் கெடுக்கவில்லை.

கட்டுரையை இப்படித் தொடங்கினேன்:

குளுட்டமேட் என்பது நமது மூளையின் முதன்மையான கிளர்ச்சியூட்டும் நரம்புக்கடத்தி ஆகும். இது ஏற்பிகள் எனப்படும் சிறப்புப் புரதங்களுடன் இணைந்து—

(போதும். இதை முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

இரண்டாவது தொடக்கம்:

மூளை ஒரு மாபெரும் நகரம். அதில் குளுட்டமேட் என்கிற தபால்காரர் வீடு வீடாகச் சென்று—

(இதுவும் வேண்டாம். மூளையை நகரம் என்று எழுதியவர்கள் எல்லாரும் சேர்ந்து நிஜமாகவே ஒரு நகரம் கட்டினால், நான் அங்கே குடிபோக மாட்டேன்.)

மூன்றாவது தொடக்கம்:

சுஹ்ரா முதல் கரண்டியை ருசி பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

இந்த வாக்கியத்துக்குப் பின்னால் மட்டும் அடுத்த வாக்கியம் தானாக வந்தது. கட்டுரை அங்கேயே கைவிட்டுப் போயிற்று. ஆசிரியருக்கு இன்னும் தெரியாது.

2

சந்தைக்குப் பின்னால் அஷ்லான்ஃபு விற்கும் சந்தில் கடைசிக் கடை சுஹ்ராவுடையது. குளிர்ந்த காடித் தண்ணீரில் நூடுல்ஸும் மாவுக்கட்டியும் மிதக்க, மேலே லாஜா என்கிற மிளகாய் விழுது சிவப்பாகக் கிடக்கும். சந்தில் கடை போட்டிருக்கிற துங்கன் இனப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் கிண்ணத்தை யாருக்கும் கொடுப்பதற்கு முன், கடைக்காரி வாடிக்கையாளர்கள் பார்க்க ஒரு கரண்டி எடுத்து ருசி பார்க்க வேண்டும். அவள் தலையாட்டினால்தான் வியாபாரம்.

சுஹ்ராவின் தலையாட்டலுக்கு ஊரில் மரியாதை இருந்தது. அவள் ருசி பார்த்து முகம் சுளித்து, பாத்திரம் முழுவதையும் கொட்டிவிட்டு, காத்திருந்தவர்களை "போயிட்டு மத்தியானம் வாங்க" என்று விரட்டியதைப் பலர் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். விரட்டப்பட்டவர்களே சொல்வார்கள்.

பிறகு ஒரு கோடையில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. தூக்கம் போனது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இரவெல்லாம் மாவு பிசைந்தாள். ஏரிக்கரையில் பத்துக் கடை திறக்கப்போவதாகப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். இலையுதிர் காலம் வந்ததும் அந்தப் பத்துக் கடையும் இடிந்து அவள் தலைமேலேயே விழுந்தன. படுக்கையை விட்டு எழுந்திருக்கவே பாதி நாள் ஆனது. கடைக்கு வந்தாலும் முதல் கரண்டியைப் புருஷன் இஸ்மாரிடம் நீட்டிவிடுவாள். இஸ்மார் ஓயாமல் சிகரெட் பிடிக்கிற மனிதன். அவன் நாக்குக்குக் காடியும் கஷாயமும் ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் "அருமை" என்றான்.

3

டாக்டர் துருஸ்பெக் இஸ்தான்புல் மாநாட்டிலிருந்து திரும்பிய வாரத்தில் சுஹ்ராவும் இஸ்மாரும் அவரைப் பார்க்கப் போனார்கள். அவர் கழுத்தில் மாநாட்டு அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. (இந்த அட்டையை நான் கற்பனையில்தான் மாட்டினேன். பிறகு ஒருநாள் அவரைத் தெருவில் பார்த்தேன். நிஜமாகவே தொங்கியது.)

"என்ன பண்ணுது அக்கா?"

"ஒண்ணும் பண்ணல டாக்டர். அதான் வந்தேன்."

இஸ்மார் குறுக்கே புகுந்தான். "சாப்பிட மாட்டேங்கிறா. சிரிக்க மாட்டேங்கிறா. என்னைத் திட்டக்கூட மாட்டேங்கிறா டாக்டர். கல்யாணம் ஆனதுலேர்ந்து திட்டு வாங்காம நான் தூங்கினதே இல்ல. இப்ப எனக்கும் தூக்கம் வரல."

"ருசி தெரியல," என்றாள் சுஹ்ரா. "லாஜாவை வாயில வெச்சா எரியுது. எரியறது தெரியுது. ஆனா அது லாஜான்னு தெரியல."

இதற்கு மேல் ஒரு நோயாளி தன் நோயைத் தெளிவாகச் சொல்ல முடியாது என்பது என் கருத்து. ஆனால் டாக்டரிடம் புதிதாகக் கற்றுவந்த படம் ஒன்று இருந்தது. காகிதத்தை இழுத்து இரண்டு நரம்பு முனைகளை வரைந்தார். நடுவில் புள்ளி புள்ளியாக வைத்தார்.

"இங்க பாருங்க. இதுதான் குளுட்டமேட். இந்தப் பக்கத்துலேர்ந்து கொட்டுது. அந்தப் பக்கம் ரெசெப்டர் வாங்கிக்குது. உங்களுக்குப் பிரச்சினை என்னன்னா, குளுட்டமேட் ரெசெப்டர் ஒழுங்கா இல்ல. இந்த மாத்திரை அதைச் சரி பண்ணும். கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவோம். பாதியில மட்டும் விட்டுடாதீங்க. விட்டா மறுபடியும் முதல்லேர்ந்துதான்."

இப்போது வாசகர் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, எங்கள் சந்தில் குளுட்டமேட் என்றால் ஒரே அர்த்தம்தான். சமையலில் ருசிக்குப் போடும் வெள்ளைப் பொடி. (தமிழ்நாட்டில் அதை எந்தப் பெயரில் சொல்வீர்கள் என்று தெரியும். அது ஒரு கம்பெனியின் பெயர். நான் எழுத மாட்டேன்.) இரண்டு, எங்கள் ஊரில் டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டுக்கும் சமையல் பக்குவத்துக்கும் ஒரே சொல்: ரெசெப்ட். டாக்டர் சொன்னது ரெசெப்டர். சுஹ்ரா காதில் அந்தக் கடைசி எழுத்து விழவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் மினிபஸ்ஸில் அவள் நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்:

"கேட்டீங்களா? என் குளுட்டமேட் ரெசெப்ட் ஒழுங்கா இல்லையாம்."

"உன் சமையலையா சொன்னாரு?"

"வேற எதைச் சொல்வாரு? வாராவாரம் வந்து ரெண்டு கிண்ணம் இழுத்துட்டுப் போற மனுஷன். திங்கும்போது வாயைத் திறக்கல. இப்ப படம் போட்டுச் சொல்றாரு."

அன்று மாலையே வெள்ளைப் பொடி பொட்டலம் சமையலறையின் மேல் தட்டுக்குப் போயிற்று. மாத்திரையையும் சொன்னபடி விழுங்க ஆரம்பித்தாள். அவள் ஒரு காரியத்தை அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

4

சந்தில் செய்தி காய்ச்சல் மாதிரிப் பரவியது. குளுட்டமேட்டைத் தின்று தின்று சுஹ்ராவுக்கு மூளை கெட்டுவிட்டதாம், டாக்டரே படம் போட்டுக் காட்டினாராம். எதிர்க்கடை ஹாவாதான் முதலில் பலகை மாட்டினாள்: 'இங்கே குளுட்டமேட் இல்லை'. மறுநாள் சந்து முழுக்கப் பலகைகள்.

"நிஜமாவே நிறுத்திட்டீங்களா?" என்று ஹாவாவிடம் நான் கேட்டேன்.

"பின்ன? அந்தக் கருமம் எனக்கு எதுக்கு?"

"அப்ப அந்த டப்பாவுல என்ன?"

"அதுவா? அது வெள்ளைப் பொடி."

பொடி விற்கும் மொத்த வியாபாரியை விசாரித்தேன். விற்பனை குறையவில்லை என்றார். ஒரே ஒரு கடைதான் வாங்குவதில்லையாம். அந்தக் கடையில் மட்டும் பலகை கிடையாது.

குளிர்காலம் முழுக்க சுஹ்ராவின் கிண்ணத்தில் உயிர் இல்லை. நானும் சாப்பிட்டேன். சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஒரே பதில் சொன்னோம்: "நல்லாருக்கு." நோயாளியிடம் வேறு என்ன சொல்வது? சொல்லிவிட்டு மறுநாள் ஹாவா கடையில் போய் உட்கார்ந்தோம்.

பனி உருகும் சமயம். ஒரு காலையில் இஸ்மார் வழக்கம்போல் முதல் கரண்டிக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்க, சுஹ்ரா கரண்டியைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள். புருவம் நெறிந்தது.

"ஏதோ குறையுது," என்றாள்.

இஸ்மார் சந்தின் நடுவில் நின்று கத்தினான். "கேட்டீங்களாடா? குறையுதாம்! என் பொண்டாட்டிக்குக் குறையுதாம்!"

அந்த வசந்தத்தில் அவள் சிரித்தாள், இஸ்மாரைத் திட்டினாள். டாக்டரின் கிண்ணத்தில் வேண்டுமென்றே லாஜாவை அள்ளிப் போட்டு அவர் இருமுவதை ரசித்தாள். என்ன குறைகிறது என்பது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பொருளாயிற்றே. உடம்பு தேறியதற்குப் பொடியை விட்டதுதான் காரணம் என்று கணக்குப் போட்டாள். ஒருநாள் மாத்திரை டப்பாவும் மேல் தட்டுக்குப் போய்ப் பொடிப் பொட்டலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"ஏம்மா இதையும்?" என்றான் இஸ்மார்.

"மாத்திரை குளுட்டமேட்டை அடக்கத்தானே? சாப்பாட்டுல குளுட்டமேட்டே இல்ல. அது யாரை அடக்கும்? உங்களையா?"

இஸ்மாருக்கு இதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. நேர்மையாகச் சொன்னால், எனக்கும் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

5

(இங்கே கட்டுரையின் மிச்சத்தைக் கொட்டிவிடுகிறேன். ஆசிரியர் கேட்டால் விஷயமும் இருக்கிறது என்று காட்டலாம். அவசரமாக இருப்பவர்கள் ஆறுக்குத் தாண்டலாம்.)

உணவில் போடும் குளுட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே தின்று தீர்த்துவிடும். மிஞ்சியது இரத்தத்தில் வந்தாலும் மூளையைச் சுற்றியுள்ள தடுப்பு சுலபத்தில் உள்ளே விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ஆக, சுஹ்ராவின் பொடிக்கும் நோய்க்கும் தொடர்பு இல்லை. அவளுக்குக் கொடுத்த மாத்திரை லாமோட்ரிஜின். அது ஏற்பியைத் தொடுவதுகூட இல்லை. குளுட்டமேட் கொட்டுகிற முனையில் குழாயைக் கொஞ்சம் இறுக்குகிறது, அதனால் ஏற்பிக்கு இரைச்சல் குறைகிறது என்கிறார்கள். கெட்டமின் என்று ஒன்று இருக்கிறது. அது நேராக ஏற்பியின் வாயிலேயே போய் அடைத்துக்கொள்கிறது, சிலருக்கு மனச்சோர்வு சில மணி நேரத்தில் விலகுகிறது. அப்படியானால் அடைப்பதுதான் வைத்தியமா என்றால், அதே வாயை அடைக்கிற வேறொரு மருந்து சோர்வை அசைக்கவில்லை. ஏற்பிகளைக் குறிபார்த்துப் பெரும் செலவில் செய்த சில மருந்துகள் சோதனையில் மண்ணைக் கவ்வின. பழைய சோர்வு மருந்துகளோ குளுட்டமேட்டை நினைத்துச் செய்யப்படாதவை. வாரக்கணக்கில் தின்றால் அவையும் எப்படியோ சுற்றிவளைத்து அந்த ஏற்பிகளை மாற்றுகின்றன.

'எப்படியோ' என்ற சொல்லைத் துண்டுப்பிரசுரத்தில் போட எனக்கு அனுமதி இல்லை. அதற்குப் பதிலாக 'சிக்கலான வழிமுறைகள் மூலம்' என்று மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

6

ஜூலையில் சுஹ்ரா மறுபடி விழுந்தாள். இந்த முறை முன்பைவிட ஆழம். பேச்சு குறைந்தது. முதல் கரண்டி இஸ்மாரிடம் திரும்பிப் போனது.

இந்த இடம் வரை டாக்டரைக் கோமாளியாகவே எழுதிக்கொண்டு வந்தேன். வேடிக்கைக்கு வசதியான ஆள். ஆனால் அவர் அன்று கடைக்கு வந்தது என் வசதிக்கு ஒத்துவரவில்லை.

மத்தியானம். சந்தில் கூட்டம் இல்லை. அவர் கிண்ணத்தில் பாதியை விட்டுவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள் சுஹ்ரா. இப்போதெல்லாம் அவள் எல்லாரையும் கேட்கிற ஒரே கேள்வி.

"நல்லாருக்கு அக்கா."

"நல்லாருந்தா ஏன் மிச்சம்?"

டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு இஸ்மாரைப் பார்த்தார். இஸ்மார் கூரையைப் பார்த்தான்.

"ருசியே இல்ல அக்கா," என்றார். "குளிர்காலத்துலேர்ந்தே இல்ல."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"உங்க மனசு நோகுமேன்னுதான்..."

"நீங்க சொல்லித்தானே குளுட்டமேட்டை நிறுத்தினேன்."

"நானா? எப்ப?"

"என் குளுட்டமேட் ரெசெப்ட் ஒழுங்கா இல்லைன்னு படம் போட்டுக் காட்டினீங்களே."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கழுத்திலிருந்த மாநாட்டு அட்டை காடிக்குள் தொங்கியது. ரெசெப்டர் வேறு, ரெசெப்ட் வேறு என்றார். பொடி மூளைக்குப் போகாது, நடுவில் ஒரு சுவர் இருக்கிறது என்றார்.

"சுவர் இருந்தா மாத்திரை மட்டும் எப்படிப் போகுது? அதுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

"அது வேற மாதிரிப் பொருள் அக்கா, அது வந்து..." அவர் பேனாவை எடுத்தார். காகிதம் தேடினார். பிறகு பேனாவைத் திரும்பவும் சட்டைப்பையில் செருகினார். "போகும். அது தெரியும். போய் என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் தெரியும். எதனால உங்களுக்குச் சரியாச்சுன்னு முழுசாத் தெரியாது. எனக்கு மட்டும் இல்ல, யாருக்கும்."

"அப்ப அந்தப் படம்?"

"படம்... படம் நல்லாருந்துச்சு அக்கா. மாநாட்டுல கைதட்டினாங்க."

சுஹ்ரா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, டாக்டர் சொன்னாரேன்னு முழுங்கிக்கிட்டே இருந்திருப்பேன். எல்லாம் தெரிஞ்ச மாதிரிச் சொன்னீங்க. நானும் எல்லாம் தெரிஞ்ச மாதிரி நிறுத்திட்டேன்."

"தப்பு என்னோடது," என்றார் டாக்டர். "வசந்தத்துல என் கிண்ணத்துல லாஜாவைக் கொட்டிட்டுச் சிரிச்சீங்க. அது மாத்திரை பண்ணின வேலைன்னு நான் நம்புறேன். மறுபடி ஆரம்பிக்கணும். முதல்லேர்ந்து. தோல்ல தடிப்பு வருதான்னு பாத்துக்கிட்டு, துளித் துளியா."

சுஹ்ராவின் கண்களிலிருந்து நீர் பெருகி—

(இந்த வாக்கியம் ஏன் பாதியில் நிற்கிறது என்பது அடுத்த பகுதியில்.)

7

அதன் பிறகு என்ன நடந்தது என்று தெரியாமலே முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: சுஹ்ரா மாத்திரையை விழுங்குகிறாள், சந்தே கைதட்டுகிறது, ஹாவா தன் பலகையைக் கழற்றி அடுப்பில் போடுகிறாள். ஆசிரியருக்கு இது பிடிக்கும்.

இரண்டாவது முடிவு: ஒரு குளுட்டமேட் ஏற்பியே பேசத் தொடங்குகிறது. 'நான்தான் ஏற்பி. என்னை யாரும் கேட்கவில்லை...' (எனக்கு அன்று காய்ச்சல்.)

மூன்றாவது முடிவில் சுஹ்ரா மாத்திரையைத் தொடவில்லை. ஒரு காலையில் கடை திறக்கவில்லை. இஸ்மார் உள்ளே தாழிட்ட அறைக் கதவைத் தட்டுகிறான். அதை முழுவதுமாக எழுதினேன். பிறகு அழித்தேன். இந்த நோய் அப்படியும் முடிவதுண்டு. சிரிப்புக் கதையின் வாலில் அதை ஒட்டவைக்க எனக்கு மனம் வரவில்லை, பயமாகவும் இருந்தது. தினமும் நான் கடந்துபோகிற கடை அது.

ஆகவே எழுதியதை எடுத்துக்கொண்டு அவளிடமே போய், அவள் மொழியில் படித்துக் காட்டினேன். நூடுல்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஹாவாவின் டப்பா வந்தபோது கத்தி ஒரு கணம் நின்றது. ஆறாம் பகுதி முடிவில் கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"இதென்ன, நான் அழறேன்?"

"ஒரு உருக்கத்துக்காக..."

"அழ முடிஞ்சா நான் எதுக்கு டாக்டர்கிட்ட போறேன்? அழுகை வரலங்கிறதுதானே வியாதி. தூக்குங்க அதை."

தூக்கிவிட்டேன்.

"சரி, பின்னே என்ன பண்ணினீங்க அன்னைக்கு?"

"கிண்ணத்தைக் கழுவினேன். அப்புறம் நாற்காலி போட்டு ஏறி, மேல் தட்டுலேர்ந்து ரெண்டையும் இறக்கினேன். பொடி கடைக்கு வந்துச்சு. மாத்திரை தலைமாட்டுல இருக்கு. துளித் துளியா முழுங்கிக்கிட்டு வர்றேன்."

என்னால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. முடிவு கிடைத்துவிட்டது என்றேன். ஒரு காலை நேரம், கரண்டி உங்கள் வாய்க்குப் போகிறது, புருவம் நெறிகிறது, 'ஏதோ குறையுது' என்கிறீர்கள், இஸ்மார் சந்தில் நின்று கத்துகிறார், அத்துடன் முற்றும் என்றேன்.

சுஹ்ரா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அது நடக்கல."

"நடக்கும் இல்லையா..."

"நடக்கலாம். நடக்காமலும் போகலாம். இப்ப வரைக்கும் எரியுது, அவ்வளவுதான். லாஜா எதுன்னு தெரியல. நடக்காததை நடந்த மாதிரி எழுதாதீங்க. நீங்களும் படம் போட ஆரம்பிச்சுடாதீங்க."

இஸ்மார் பின்னாலிருந்து, "எழுதட்டுமே, நல்ல வார்த்தைதானே," என்றான்.

"நீங்க பேசாதீங்க. இந்தக் கடையில பெரிய பொய்யன் நீங்கதான். தினமும் அருமையாம், அருமை."

அது திட்டு. கனமான திட்டு இல்லை, குரலும் எழும்பவில்லை. ஆனாலும் இஸ்மார் சட்டென்று குனிந்து அடுப்பைப் பார்த்தான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். இதை உருக்கத்துக்காகச் சேர்க்கவில்லை. நடந்தது.

8

ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். கட்டுரை இல்லை என்று. குறிப்புகளாவது அனுப்புங்கள், பெட்டிச் செய்தியாகப் போடுகிறோம் என்கிறார். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் நான் கண்டுபிடித்தது இல்லை. எப்படி முடிப்பது என்று கேட்டதற்கு சுஹ்ரா சொன்னது:

"சாப்பிட வர்றவங்களை உண்மையைச் சொல்லச் சொல்லுங்க. எனக்கு என் நாக்கு திரும்புற வரைக்கும் அவங்க நாக்குதான். அவங்க பொய் சொன்னா நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது?"

ஆகவே இனி இந்தக் கதை உங்கள் பொறுப்பு. கரகோல் வந்தால் சந்தைக்குப் பின்னால் அந்தச் சந்துக்குப் போங்கள். பலகை மாட்டிய கடைகளைத் தாண்டிக் கடைசிக்குப் போங்கள். அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு நகர மாட்டாள். நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பாள். "எப்படி இருக்கு?" என்பாள். இப்போது அவள் பொடி போடுவது கைக் கணக்கில், ருசி தெரியாமல். கூடியும் போயிருக்கலாம், குறைந்தும் போயிருக்கலாம். கூடியிருந்தால் கூடியிருக்கிறது என்று சொல்லுங்கள். 'நல்லாருக்கு' என்பதை அது நிஜமாகவே நன்றாக இருக்கிற நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அவளே ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, ஏதோ குறையுது என்று சொல்லிவிட்டால், தயவுசெய்து உடனே எனக்கு எழுதுங்கள். நான் இன்னும் முற்றும் போடவில்லை.